‘ஃபிட்’ என்று எழுதியாச்சு, அடுத்து என்ன?
இ.எஸ்.ஐ. இயலாமைப் பணப்பலன் நிற்கும் நாளும், அதற்குப் பிறகும்

வேலையில் அடிபட்டு, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து, மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவருக்கு மருத்துவர் ஒரு நாள் “இனி வேலைக்குப் போகலாம்” என்று சான்று எழுதித் தருகிறார். சந்தோஷமான நாள்தான். ஆனால் அந்த ஒரு தாளோடு சில உரிமைகள் முடிகின்றன. சில உரிமைகள் அன்றைக்குத்தான் தொடங்குகின்றன. எது முடியும், எது தொடங்கும் என்று தெரியாமல் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். “ஃபிட் போட்டாச்சு, எல்லாம் முடிஞ்சுது” என்று நினைத்து, ஆயுள் முழுக்க வரவேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இந்தப் பாடத்தில் இ.எஸ்.ஐ. பற்றிய சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. இந்தப் பாதுகாப்பு யாருக்கு?

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலைகள், இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மற்ற நிறுவனங்கள் ஆகியவற்றில் மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு இந்த வரம்பு ரூ.25,000. சம்பளத்தில் 0.75 சதவீதத்தைத் தொழிலாளி கட்டுகிறார்; 3.25 சதவீதத்தை முதலாளி கட்டுகிறார். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதில் அடக்கம்.

வேலை செய்யும்போது ஏற்படும் விபத்து, வேலையால் வரும் தொழில்சார் நோய் இரண்டும் ‘பணிக் காயம்’ என்று கணக்கிடப்படும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், 2010-இல் வந்த சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது.

பணிக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

2. ‘தற்காலிக இயலாமை’ என்றால் என்ன?

அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கிடைப்பது தற்காலிக இயலாமைப் பணப்பலன். அலுவலகத்தில் இதை ‘டி.டி.பி.’ என்பார்கள். விபத்து நடந்த நாளைத் தவிர்த்து, குறைந்தது 3 நாட்களாவது இயலாமை இருக்க வேண்டும். சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள்தான் என்ற உச்சவரம்பு இல்லை. இயலாமை இருக்கும்வரை கிடைக்கும்.

அப்படியானால் எப்போது நிற்கும்? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. சட்டத்தின் விளக்கத்தில் இரண்டு அம்சங்கள் உண்டு. ஒன்று, காயத்துக்குச் சிகிச்சை தேவைப்பட வேண்டும். இரண்டு, அடிபட்ட நேரத்தில் அல்லது அதற்கு முன்பு அவர் செய்துகொண்டிருந்த அந்த வேலையைச் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும்.

‘ஏதோ ஒரு வேலை’ என்று சட்டம் சொல்லவில்லை. ‘செய்துகொண்டிருந்த வேலை’ என்றுதான் சொல்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு முதுகில் அடி என்றால், அவரால் நடக்க முடிகிறதா, நாற்காலியில் உட்கார முடிகிறதா என்பது மட்டும் போதாது. மூட்டை தூக்க முடியுமா என்பதே கேள்வி. பவர் பிரஸ் ஓட்டுபவருக்குக் கையில் அடி என்றால், அந்தக் கையால் மெஷினைப் பாதுகாப்பாக இயக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அதனால் மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் “கை வலிக்குது டாக்டர்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எத்தனை கிலோ தூக்க வேண்டும், எந்தக் கை முக்கியம் என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். உங்கள் வேலை என்னவென்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியாக முடிவெடுக்க முடியும்.

3. ‘ஃபிட்’ நாளில் எது நிற்கும், எது நிற்காது?

மருத்துவர் தரும் சான்றுகள் மூன்று வகை: முதல் சான்று, இடைக்காலச் சான்று, இறுதிச் சான்று. இறுதிச் சான்றைத்தான் நாம் பேச்சு வழக்கில் ‘ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்’ என்கிறோம். அது வந்ததும் நிற்பவை இவை:

• தற்காலிக இயலாமைப் பணப்பலன். வேலைக்குத் தகுதி என்று குறிப்பிட்ட நாளிலிருந்து கிடையாது.

• பணிநீக்கத்துக்கு எதிரான சிறப்புக் கவசம். இந்தப் பணப்பலன் வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்கிறது சட்டம். அந்தக் காலத்தில் தரப்படும் பணிநீக்க நோட்டீஸ் செல்லாது. நீண்ட காலச் சிகிச்சைக்கு ஒழுங்குமுறைகளில் சில விதிவிலக்குகள் உண்டு. பணப்பலன் முடிந்ததும் இந்தக் கவசமும் முடிகிறது. அதன்பிறகு மற்ற தொழிலாளர்களுக்கு உள்ள பொதுவான சட்டப் பாதுகாப்புதான்.

நிற்காதவை இவை:

• மருத்துவ வசதி. வேலையில் தொடரும்வரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். அதே காயத்துக்கான மருந்து, பிசியோதெரபி எல்லாம் வேலைக்குத் திரும்பிய பிறகும் பெறலாம்.

• மறுபடி பாதித்தால் மீண்டும் கேட்கும் உரிமை. வேலைக்குத் திரும்பிய பின் அதே காயத்தால் மீண்டும் முடியாமல் போனால், இது பழைய விபத்தின் தொடர்ச்சி என்று மருத்துவர் சான்று தர வேண்டும். முந்தைய சான்றுகளின் நகல் கையில் இருந்தால் வேலை சுலபம்.

• நிரந்தர இழப்புக்கான பணப்பலன். இது தனிக் கணக்கு. அடுத்த பகுதியே இதைப் பற்றித்தான்.

4. காயம் ஆறியது, விரல் திரும்பவில்லை

சிகிச்சை முடிந்து, பழைய வேலைக்கே போக முடிகிற நிலை வந்துவிட்டது. ஆனால் ஒரு விரல் போய்விட்டது. அல்லது முட்டி முழுதாக மடங்கவில்லை. அல்லது ஒரு கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. இதுபோன்ற நிலைக்கு நிரந்தர இயலாமைப் பணப்பலன் உண்டு. சுருக்கமாக ‘பி.டி.பி.’ என்பார்கள். தற்காலிகப் பணப்பலன் நின்ற மறுநாளிலிருந்து இது கணக்கிடப்படும். ஆயுள் முழுக்கக் கிடைக்கும்.

எவ்வளவு? சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்பதைப் பொறுத்தது. சில காயங்களுக்குச் சட்டத்தின் அட்டவணையே சதவீதத்தைச் சொல்லிவிடுகிறது:

• கட்டை விரல் இழப்பு: 30 சதவீதம்
• ஆள்காட்டி விரல் முழுவதும்: 14 சதவீதம்
• நடுவிரல் முழுவதும்: 12 சதவீதம்
• மோதிர விரல் அல்லது சுண்டு விரல் முழுவதும்: 7 சதவீதம்
• ஒரு கையில் இரண்டு விரல்கள்: 20 சதவீதம்
• ஒரு கையில் மூன்று விரல்கள்: 30 சதவீதம்
• ஒரு கையில் நான்கு விரல்கள்: 50 சதவீதம்

விரல் வெட்டுப்பட்டால்தான் என்று இல்லை. விரல் இருந்தும் அதை நிரந்தரமாக, முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போனால், அந்த விரலை இழந்ததற்குச் சமமாகவே அட்டவணை எடுத்துக்கொள்கிறது. அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு மருத்துவக் குழு பரிசோதித்து சதவீதத்தை முடிவு செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சராசரி தினச் சம்பளம் ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். முழு விகிதம் அதில் 90 சதவீதம், அதாவது ரூ.450. சிகிச்சையில் இருந்த 60 நாட்களுக்குத் தற்காலிகப் பணப்பலன் ரூ.27,000. இது எல்லோரும் கேட்டு வாங்கும் தொகை.

அதே தொழிலாளிக்கு ஆள்காட்டி விரல் முழுவதும் போய்விட்டது. ரூ.450-இல் 14 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ரூ.63. முப்பது நாள் மாதத்துக்கு ரூ.1,890. வருடத்துக்கு ரூ.22,995. அவருக்கு இப்போது 35 வயது என்றால், 60 வயதுக்குள் மட்டும் சுமார் 5 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். அதன்பிறகும் உயிரோடு இருக்கும்வரை வரும்.

மாதம் ரூ.1,890 சின்னத் தொகையாகத் தெரியலாம். மொத்தமாகப் பார்த்தால் 60 நாள் பணத்தைப் போல இருபது மடங்குக்கும் மேல். “ஃபிட் போட்டாச்சு” என்று வீட்டுக்குப் போய்விட்டால் கைவிட்டுப் போவது இதுதான்.

இன்னொன்று. வேலைக்குத் திரும்பி முழுச் சம்பளம் வாங்கினாலும் இந்தப் பணம் நிற்காது. சம்பளம் கூடினாலும் குறையாது. இது வேலைக்குப் போகாத நாளுக்கான ஈடு அல்ல. உடலில் ஏற்பட்ட நிரந்தர இழப்புக்கான ஈடு. அவ்வப்போது உயிர்வாழ் சான்று கொடுத்தால் போதும்.

5. மெடிக்கல் போர்டு எப்படி?

நிரந்தர இழப்பு இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வது இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு. சிகிச்சை தந்த மருத்துவர் பரிந்துரைக்கலாம். நீங்களே கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கவும் செய்யலாம். “அவங்களே கூப்பிடுவாங்க” என்று காத்திருக்க வேண்டாம். இறுதிச் சான்று வாங்கிய வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

குழு சொல்லும் முடிவு இரண்டு வகையில் இருக்கலாம். காயம் இன்னும் மாறக்கூடும் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தற்காலிக மதிப்பீடு தருவார்கள். அந்தக் காலம் முடிவதற்குள் மறுபரிசோதனை நடக்கும். அப்போது சதவீதம் கூடலாம், குறையலாம். மாறாது என்று தெரிந்தால் இறுதி மதிப்பீடு.

முடிவு சரியில்லை என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், முடிவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே வேலையைத் தொடங்குங்கள். எதிர்பாராத விதமாக நிலைமை மிகவும் மோசமானால், மறுபரிசீலனை கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

6. வேலைக்குத் திரும்பும் முன் ஆறு படிகள்

படி 1: கைப்பேசியில் ஒரு தனி ஃபோல்டர் போடுங்கள். விபத்து அறிக்கை, முதல் சான்று முதல் இறுதிச் சான்று வரை எல்லாம், எக்ஸ்ரே அறிக்கை, டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் 10 இலக்கக் காப்பீட்டு எண்ணையும் அதில் சேருங்கள்.

படி 2: இறுதிச் சான்று வாங்கும் நாளில் வேலையின் தன்மையை மருத்துவரிடம் மறுபடி சொல்லுங்கள். இன்னும் முடியாது என்றால் அப்போதே, அங்கேயே சொல்லுங்கள். இரண்டாவது கருத்துக்காக இ.எஸ்.ஐ.யின் ‘மெடிக்கல் ரெஃப்ரி’ எனப்படும் மருத்துவரிடம் அனுப்பினால் தவறாமல் போங்கள். போகாமல் இருந்தால் பணப்பலன் நிறுத்தப்படலாம்.

படி 3: சான்றில் குறிப்பிட்ட நாளில் வேலைக்கு ஆஜராகுங்கள். இறுதிச் சான்றின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். “அடுத்த வாரம் வா” என்று வாய்மொழியாகச் சொன்னால், அன்றே கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு செய்யுங்கள். சிறப்புக் கவசம் முடிந்துவிட்டதால், நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் முக்கியம்.

படி 4: கடைசித் தவணைக்கான கோரிக்கையைக் கொடுங்கள். இறுதிச் சான்று இல்லாமல் வேலைக்குப் போய்விட்டால், இந்தத் தவணை சிக்கலாகும்.

படி 5: நிரந்தர இழப்பு இருந்தால், மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேட்டு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

படி 6: இ.எஸ்.ஐ. இணையதளத்தின் காப்பீட்டாளர் பக்கத்திலோ, உமங் செயலியிலோ உங்கள் சந்தாவும் கோரிக்கையின் நிலையும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1800 11 2526.

வேலைக்கே சேர்க்க மறுத்தால்? தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிடலாம். அப்போது படி 3-இல் சேர்த்த ஆதாரம்தான் பேசும்.

7. இவற்றைச் செய்யாதீர்கள்

பணப்பலன் வாங்கும் நாட்களில் வேறு எங்கும் கூலிக்குப் போகாதீர்கள். வேலை செய்து சம்பளம் வாங்கிய நாளுக்குத் தற்காலிகப் பணப்பலன் கிடையாது. சம்பளத்துடன் கூடிய விடுப்பு எடுத்த நாளுக்கும் கிடையாது. தவறாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பொய்த் தகவல் கொடுத்து வாங்கியிருந்தால் சட்டப்படி தண்டனையும் உண்டு.

குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது, மருத்துவர் அனுமதியில்லாமல் சிகிச்சைப் பகுதியை விட்டு வெளியூர் போகக் கூடாது என்பதும் நிபந்தனைகள்தான். சொந்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

8. விபத்து இல்லை, நோய் என்றால்?

சாதாரண நோய்க்கு நோய்க்காலப் பணப்பலன் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாட்கள் வரை. புற்றுநோய், காசநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கப்படும். இவற்றுக்குச் சந்தா நிபந்தனை உண்டு. இவையும் வேலைக்குத் தகுதி என்று சான்று வந்ததும் நிற்கும். ஒரே காலத்துக்கு நோய்க்காலப் பணப்பலனையும் தற்காலிக இயலாமைப் பணப்பலனையும் சேர்த்து வாங்க முடியாது.

பணிக் காயத்தால் நிரந்தர இயலாமை ஏற்பட்டு வேலையையே விட நேர்ந்தவர்களும் மருத்துவ வசதியை இழக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ரூ.120 கட்டி, ஓய்வு வயது வரை அதைத் தொடரலாம்.

9. யூ.டி.ஐ.டி. அட்டை வேறு, இது வேறு

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள சதவீதம் உடல் குறைபாட்டின் அளவு. இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு சொல்வது சம்பாதிக்கும் திறனின் இழப்பு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகவும் ஆகாது. தகுதி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். மாறக்கூடிய குறைபாட்டுக்குத் தரப்படும் தற்காலிகச் சான்றில் முடிவுத் தேதி இருக்கும். அதற்குள் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும்.

10. உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: நிரந்தர இயலாமைப் பணப்பலன் வாங்குபவருக்குச் சம்பள உயர்வு வந்தது. பணப்பலன் குறையுமா?
பதில்: குறையாது. ஆயுள் முழுக்கத் தொடரும்.

கேள்வி 2: தற்காலிகப் பணப்பலன் வாங்கும்போது மூன்று நாள் வாட்ச்மேன் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினார். அந்த மூன்று நாளுக்குப் பணப்பலன் உண்டா?
பதில்: கிடையாது.

கேள்வி 3: லோடு ஏற்றும் தொழிலாளியால் நடக்க முடிகிறது, தூக்க முடியவில்லை. அவர் ‘ஃபிட்’டா?
பதில்: அளவுகோல் அவர் செய்துகொண்டிருந்த வேலை. தூக்க முடியவில்லை என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி 4: இறுதிச் சான்று வாங்கியாச்சு. ஆனால் நடுவிரல் மடங்கவே இல்லை. அடுத்து எங்கே போக வேண்டும்?
பதில்: கிளை அலுவலகத்துக்கு. மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

நான்கிலும் சரியான பதில் சொல்லிவிட்டீர்களா? உங்கள் தெருவிலோ, ஷிஃப்டிலோ அடிபட்டு இப்போது வீட்டில் இருப்பவர் யாராவது இருந்தால், முக்கியமாகக் கேள்வி 4-ஐ அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லை என்றால் இந்தப் பாடத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள்.